அப்பாவுக்காக ஜெபம் பண்ணினார்கள்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் பிள்ளைகளும் அதே கிருபையில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் பேசாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் எங்கே பேச விடுகிறார் உன் அப்பா, மணி அடித்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அங்கே பேரப்பிள்ளை தும்மினால்கூட அதற்கு இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும் அவருக்கு. அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அவர் செமினரியில் ஊழியத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போன நேரத்தில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னவளுக்குச் சளி விட்டதா, மருமகளுடைய கழுத்து வலி எப்படி இருக்கிறது, வேலை வேலை என்று அவள் தலையணை இல்லாமல் சோபாவிலேயே தூங்கிவிடுகிறாளாம், நீ கொஞ்சம் கவனிக்கக் கூடாதா. போன தடவை பேசும்போது செமினரி கொடுத்த இந்த வீட்டுப் பின்னறைச் சுவரில் இன்னும் ஈரம் கசிகிறதா என்று கேட்டாய், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடுவருஷத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா என்றும் கேட்டாய். யாருக்கோ விசாரிக்கிறாய் என்று நினைத்து நானும் என்னென்னமோ சொல்லிவைத்தேன். அந்த ஈரத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், இப்போதே எழுதினால் மற்றது எதுவும் கைக்கு வராது.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, பேச்சும் அப்படியேதான் இருக்கிறது. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இதுவரை சொன்னதில்லை. நீ ஏற்கெனவே போட்டுட்டியா, இல்ல எனக்காக இனிமேதான் போடணுமா, அதைப் பொறுத்ததும்மா என்பார். கல்யாணத்தன்று மட்டும் பாஸ்டர் கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் எப்படித்தான் பதில் சொன்னாரோ, அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் என்று உன் அத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். இத்தனை வருஷம் இந்தக் குணத்தை வைத்துத்தான் இந்த வீட்டில் சிரித்தோம். இப்போது அந்தக் குணமே அவர் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறது.

செமினரி இப்போது நீ படித்த செமினரி இல்லை கண்ணு. புதுப் பிரின்சிபால் யார் என்று உனக்குத் தெரியும், உனக்கு மூத்த வகுப்பில் அப்பாவிடம் படித்த நம் முதல் பெஞ்சுதான், நீ வைத்த பேர்தானே அது. நம் மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவன், அதனால் அவன் என்றே எழுதுகிறேன், நேரில் பார்த்தால் ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன். அவனைக் குறையாகவே சொல்லக் கூடாது, வந்ததும் ஒழுகுகிற குழாயெல்லாம் சரிபண்ணினான், விடுதிப் பிள்ளைகள் காலை ஜெபத்துக்கு நேரத்துக்கு வருகிறார்கள், இங்கே பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று முறைத்துக்கொண்டிருந்த சபைகள் மறுபடி அனுப்புகின்றன. ஆனால் சிரித்த முகத்தோடு ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டு வருகிறான். நூலகத்தில் அப்பா படிக்கச் சொல்லும் புத்தகங்கள் இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வகுப்பில் பையன்கள் போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துக்கொள்கிறார்களாம். அப்பா வந்து என்னிடம் சொல்கிறார், பாடத்தைப் பதிவுபண்ணிக் கேக்கிற அளவுக்கு இந்த வருஷப் பிள்ளைங்களுக்கு ஆர்வம்மா, அதனால நானும் நிறுத்தி நிறுத்தித் தெளிவாப் பேசறேன் என்று. அந்தப் பதிவு யார் மேசைக்குப் போகிறது என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும், நான் கையில் இருந்த பாத்திரத்தைத் தேய்த்ததையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பெஞ்சுக்கு ஒரு தம்பி இருந்தது நினைவிருக்கிறதா, ஒல்லியாக, நன்றாகப் பாடுவானே. அவனும் அப்பாவிடம்தான் படித்தான். படிப்பு முடித்து ஊருக்குப் போன கொஞ்ச நாளில் அவர்கள் அப்பா இறந்துபோக, அடக்க ஆராதனையில் சின்ன மகன் பேசட்டும் என்று சபை கேட்டதாம். எழுந்து நின்றவன், அப்பாவை மறுபடி பார்ப்போம் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். அவர்கள் அம்மா முகத்தைத் தான் இன்னும் மறக்கவில்லை என்று முதல் பெஞ்சு நம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான், போன மாதம். சத்தம் போடவில்லை, ஐயா நீங்க கேள்வி கேக்கச் சொல்லிக்குடுத்தீங்க, ஆனா பதில் கிடைக்காதவன் என்ன பண்ணணும்னு சொல்லிக்குடுக்கலையே என்று மட்டும் சொன்னான். அவன் போன பிறகும் வெகுநேரம் அப்பா அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது ஜெபத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் சேப்பலில் கை வைத்து ஜெபிப்பது எதற்கு என்று உனக்கே தெரியும், ஊழியத்துக்கு அனுப்புகிறவர்களை முன்னால் முழங்காலில் நிறுத்தி எல்லோரும் தலைமேல் கை வைத்து வழியனுப்புவோம், உனக்கும் அப்படித்தான் செய்தோம். முதல் பெஞ்சு வந்த பிறகு அதைப் புதன்கிழமைகளில் ஆசிரியர்களுக்கும் செய்ய ஆரம்பித்தான். முதலில் நூலகரைக் கூப்பிட்டான், பாவம் அவர் பிறந்தநாள் ஜெபம் என்று நினைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆண்டவரே இவருக்குப் புதிய வாசலைத் திறந்தருளும் என்று உருகி உருகி ஜெபித்தான். மாதம் முடிவதற்குள் நூலகர் பெட்டி கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து சபை வரலாறு நடத்தின டீச்சர், அவளுக்கும் அதே புதிய வாசல், இப்போது எங்கேயோ டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறாளாம். குடியிருப்புப் பெண்கள் நாங்கள் குழாயடியில் பார்த்துக்கொண்டால், எனக்கு என்ன சாபம் வேணும்னாலும் குடு, ஜெபம் மட்டும் பண்ணிடாதே என்று சொல்லிச் சிரிப்போம். சிரிப்பு என்று பேர், முகத்தில் ஈயாடாது.

போன புதன்கிழமை அப்பாவைக் கூப்பிட்டான். நான் பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில் இருந்தேன், எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று இருந்தது. அப்பா சந்தோஷமாகப் போனார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு தரையில் மண்டியிட ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டார், கண்ணாடியைக் கழற்றி முதல் பெஞ்சு கையில் கொடுத்தார். எத்தனை கைகள் அவர் தலைமேல், அவர் சொல்லிக்கொடுத்து வளர்ந்த கைகள்தான் எல்லாம், நரைத்த தலை வெளியே தெரியவே இல்லை. முதல் பெஞ்சு நிஜமாகவே அழுதான் கண்ணு, பொய் அழுகை இல்லை அது. எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னான், கடைசியில் புதிய வாசல் என்றான். சேப்பல் முழுக்க ஒரு நொடி யாரும் ஆமென் சொல்லவில்லை, அப்பாதான் முதலில் சொன்னார், வழக்கம்போல் சத்தமாக. முடிந்ததும் அவன் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்துத் தானே அவருக்கு மாட்டிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், என்னமா ஜெபிக்கிறான் பார்த்தியா, என் மாணவன் என்கிறார் இந்த மனிதர்.

மறுநாளே அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார், அடுத்த மாதம் முதல் வாரம் நிர்வாகக் குழு கூடுகிறது, அப்பா அவர்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். விளக்கம் எல்லாம் கூடாதாம், ஆமாம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்று. மீன் விழுங்கியும் மூன்று நாள் அதன் வயிற்றில் உயிரோடு கிடந்த தீர்க்கதரிசியின் கதை வேதத்தில் எழுதியிருக்கிறபடியே நடந்ததா, அது ஒன்று போதும் அவர்களுக்கு. அன்றையிலிருந்து நான் காய் நறுக்கிக்கொண்டே அவரைக் கேட்டுப் பழக்குகிறேன். மீன் விழுங்கினதா என்றால், விழுங்கினதுன்னா நாம எதைச் சொல்றோம்ங்கறதைப் பொறுத்தது என்று ஆரம்பிக்கிறார். ஆமான்னு சொல்லித் தொலைங்களேன், வாய் என்ன தேஞ்சா போகும் என்று கத்தியேவிட்டேன். அதற்கு அவர், நான் நம்பாத மாதிரி நம்பறேன்னு கர்த்தருக்கு முன்னாடி சொல்லணுமா, நாம பாப்டிஸ்ட்டும்மா, நமக்கு மேல பிஷப் கிடையாது, ஒவ்வொருத்தனும் வேதத்தைத் திறந்து வெச்சிக்கிட்டு தன் மனசாட்சியோட அவர் முன்னால தனியா நிக்கணும் என்றார். முதல் பெஞ்சைக் கேட்டால் அவனும் நாம பாப்டிஸ்ட் என்றுதான் ஆரம்பிக்கிறான், செமினரி சபைகளோடது, சபை நம்பறதை வாத்தியார் நம்பக் கூடாதா என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது, அதுதான் என் கஷ்டம். என்னைக் கேட்டால் மீன் விழுங்கியது, அவ்வளவுதான், கடலையே உண்டாக்கினவருக்கு ஒரு மீன் பெரிய காரியமா. ஆனால் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் கண்கலங்குகிறவர் இந்த வீட்டில் அவர்தான், நான் இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்து பார்த்தவளுக்கு அவர் விசுவாசம் தெரியாதா.

போன முறை நீ வந்திருந்தபோது இதே மீனுக்காக நீயும் அவரும் சாப்பாட்டு மேசையில் மல்லுக்கு நின்றீர்கள், சாப்பாடு ஆறிப்போனது, நீ எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். முதல் பெஞ்சு சொல்வதுதான் உனக்கும் சரி என்று எனக்குத் தெரியும், அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. அன்றைக்கு நீ உள்ளே போனதும் அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. என் பிள்ளை என்னையே எதிர்த்து நிக்கிறான்னா நான் நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கேன் என்று சொல்லி, உன் தட்டில் மிச்சம் இருந்ததை எடுத்து அவர் சாப்பிட்டார்.

இனி ஈரம். எத்தனை வருஷமாக அந்தப் பின்னறைச் சுவருக்காக அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் நாங்கள் விட்டேவிட்டோம், உனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் யாரும் கூப்பிடாமல் கொத்தனார் வந்து நிற்கிறார், கூடவே சிமெண்டு மூட்டை. அப்பாவுக்கு ஒரே பூரிப்பு, பார்த்தியா ஜெபம் பண்ணினதும் சுவர்கூட சரியாகுது என்று கேலி பண்ணிக்கொண்டே வகுப்புக்குப் போனார். நான் கொத்தனாருக்கு டீ கொடுத்துவிட்டு, இப்பவாவது மனசு வந்ததே என்று பேச்சுக்குச் சொன்னேன். அவர் பழைய பூச்சைக் கொத்திக்கொண்டே, குழந்தைங்க படுக்கப்போற ரூமாமே, துளி ஈரம் இருக்கக் கூடாதுன்னு பிரின்சிபால் ஐயா கண்டிப்பா சொல்லிட்டாரும்மா என்றார். இந்த வீட்டில் ஏது குழந்தைகள். வேறு வாத்தியார் யாராவது வரப்போகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, அந்த ஈரத்தை என்னிடம் விசாரித்தவன் நீ ஒருவன்தானே, பள்ளிக்கூடத்தைக் கேட்டவனும் நீதானே. டீ கிளாஸைக்கூடத் திரும்ப வாங்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

கண்ணு, நீ படித்ததும் அப்பா நடத்தும் பழைய ஏற்பாடுதான், அப்பாவின் நாற்காலிக்கு உன்னைவிடப் பொருத்தமானவன் கிடையாது, அதுவும் எனக்குத் தெரியும். உன்னைக் கூப்பிட்டிருந்தால் அப்பா தானாகவே ஓய்வு பெறுகிறார் என்று சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள், நீயும் அப்படியே நம்பியிருப்பாய், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் பிடிவாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. குழு முன்னால் அப்பாவின் விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒரு ஆளைக் கூட்டிவரலாம் என்றார்களாம். அப்பா யோசிக்கவே இல்லை. என் மகன் வருவான், என்னோட ஒத்துப்போகாதவன், ஆனா என்னைத் தெரிஞ்சவன், அவன் சொன்னாப் போதும் என்று உன் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். முதல் பெஞ்சு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நல்லதுய்யா, அவரே வரட்டும் என்றானாம். அதைச் சொல்லும்போது உன் அப்பா முகத்தில் இருந்த நிம்மதியை நீ பார்த்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முன்னால் நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டுக்கும் அந்த நாற்காலிக்கும் வருகிறேன் என்று நீ ஒத்துக்கொண்டாயா. ஒத்துக்கொண்டிருந்தால் நீ என் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது, கோபம் வரும், அழுவேன், பிறகு உன் பிள்ளைகளுக்காக அந்த அறையை நானே கூட்டிப் பெருக்கித் தருவேன். ஆனால் அதை அப்பாவிடம் சொல்கிறவள் நானாக இருக்க வேண்டும். சாட்சி சொல்ல மகன் வருகிறான் என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து, குழுவுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அது மட்டும் நடக்க விடமாட்டேன்.

மருமகளிடம் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல், பெரியவன் பால் குடிக்காமல் ஏமாற்றினால் விடாதே. உனக்காக ஜெபிக்கிறேன் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது, இங்கே அந்த வார்த்தை அப்படி ஆகிவிட்டது. ஆனாலும் அம்மா கேட்பது வேறு, கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் தம் நிழலிலேயே வைத்திருக்கட்டும், உன் வாயில் உண்மையை வைக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே என் போனுக்கு எழுதி அனுப்பு, கூப்பிடாதே. ஆமாம் அல்லது இல்லை, ஒரே வார்த்தை. நீ உன் அப்பாவின் பிள்ளை, அதனால் சொல்கிறேன், அதைப் பொறுத்தது என்று மட்டும் ஆரம்பிக்காதே.

பதிலை எதிர்பார்த்துப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா