எஞ்சினுக்குள் கிடந்த பஞ்சு

ராஜபாளையம்
4.9.1991

அன்பு மகள் கிருபாபாய்க்கு அம்மா பரிபூரணம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், டெல்லியில் நீயும் உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபித்துக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. ஈஸ்டர் அன்றைக்கு நீ போனில் அப்பாவிடம் சேதுபதியைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதைச் சொன்னதும், அவர் இங்க மழையே இல்லம்மா என்று சொல்லி போனை வைத்ததும் நீ அப்போதே எழுதினதுதான், இப்போது அவர் வாயால் ஒரு வார்த்தை வராமல் ஊர்ப்பக்கம் கால் வைக்க மாட்டேன் என்று முடிவாக எழுதிவிட்டாய். ஏட்டி, கோபத்தைச் செத்த நேரம் ஓரமாக வைத்துவிட்டு இதை முழுக்கப் படி. அவரும் இத்தனை மாதம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறார் என்று நினைத்து நானும் பயந்து கிளறாமல் இருந்துவிட்டேன். நம்ம கார் எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகுதான் விஷயம் வேறு என்று எனக்குத் தெரிந்தது.

மில் வேலையை விட்டதும் அப்பா வாடகைக்கு ஓட்ட வாங்கின அம்பாசிடர் கொஞ்ச காலமாகவே டக டக என்று தறி ஓடுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே வண்டி உதறும், முன்னால் தொங்கவிட்ட சிலுவை அது பாட்டுக்கு ஆடும். சத்தம் கூடுதே என்று நான் சொன்னால் பழைய வண்டின்னா அப்படித்தாம்ட்டி என்பார். தொல்லை தாங்காமல் நான் ரொம்பச் சொன்ன பிறகு ஒருநாள் அவரே எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த அழுக்கையெல்லாம் மில் பஞ்சை வைத்துச் சுத்தமாகத் துடைத்து மூடினார். நம்ம ஊரில் பிள்ளை மூக்கிலிருந்து சைக்கிள் செயின் வரைக்கும் எதைத் துடைக்கவும் கழிவுப் பஞ்சுதானே. அதற்குப் பிறகுதான் சத்தம் இன்னும் மோசமானது. போன வாரம் சேத்தூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் ஏறினார்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் போனதும் தேரடியில் இறங்கி, நாங்க பஸ்ஸுலயே போய்க்கிடுதோம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பாவுக்கு முகமே செத்துப்போயிற்று. மறுநாள் நான் கூடவே போய் அங்கே சங்கிலிப்பாண்டி ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடச் செய்தேன்.

கிருபா, இத்தனை வருஷம் காரில் ஏறி இறங்கியிருக்கிறேன், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சங்கிலிப்பாண்டி எஞ்சினின் தலைப்பாகத்தைத் தூக்கி வைத்ததும் நான் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். நாலு குழி, நாலு பிஸ்டன், எல்லாவற்றின் மேலும் அடுப்புச் சட்டியின் அடியில் பிடிக்கிற மாதிரி கரி. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துப் பதமாகச் சுரண்டச் சுரண்ட அடியில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம் வந்தது பார், நான் அசந்தே போனேன். கைப்பிடியைப் போட்டு அவன் சுற்றிக் காட்டினான், இரண்டு ஏறும்போது இரண்டு இறங்குகிறது, ஒன்றோடொன்று இடிக்கவில்லை, ஒன்றுக்கு ஒன்று வழிவிடுகிறது. தேவனே, மனுஷனுக்கு எம்புட்டுப் புத்தியைக் கொடுத்திருக்கிறீர் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியைக் கழற்றினான். ஆயிலை உறிஞ்சுகிற சல்லடையைச் சுற்றிக் கறுப்பாக மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் பிய்த்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினான், பஞ்சு. நம்ம மில் பஞ்சு. அப்பா துடைத்தபோது உதிர்ந்த நூலெல்லாம் போய் அங்கே அடைத்து, மேலே ஆயில் ஏறாமல் இரும்பும் இரும்பும் காய்ந்து தட்டியிருக்கின்றன. இனிமே பனியன் துணிதான், பஞ்சைப் பக்கத்துல கொண்டாராதிய அண்ணாச்சி என்று சிரித்தான்.

எல்லாவற்றையும் கழுவிப் பூட்டி, மேல்மூடியை மட்டும் போடாமல் ஓடவிட்டுக் காட்டினான். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஆயில் மெதுவாகக் கசிந்து கசிந்து மேலே வருகிறது, தேவதானத்தில் எங்க அப்பா கிணறு வெட்டின அன்றைக்கு ஊற்றுக்கண் திறந்ததே அதே மாதிரி. நான் ஸ்தோத்திரம் என்று சொன்னதைக் கேட்டு ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மூடியைப் போட்டு அப்பாவை உட்காரச் சொன்னான். அவர் சாவியைத் திருகினார், வண்டி ஓடியது, சத்தமே இல்லை, சிலுவைகூட அசையவில்லை. அப்பா உடனே மறுபடியும் சாவியைத் திருகினார், கர்ரென்று பல்லைக் கடித்தது. வண்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி என்று சங்கிலிப்பாண்டி பின்னாலிருந்து கத்தினான். அவர் திரும்பவே இல்லை. மூன்றாவது தடவையும் திருகப் போனார், நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டகடகப்பு அவருக்குக் கேட்டதே இல்லை, உதறலை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டிருக்கிறார். உனக்குத் தெரியும், மில்லுக்குள் அந்த இரைச்சலில் யாரும் காதால் பேசுவதில்லை, கையும் உதடும்தான். வீட்டிலும் அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் இவ்வளவு நாள் பேசியிருக்கிறார், எனக்கு அது தோன்றவே இல்லை. போனில் உதடு ஏது. நீ எப்போது கூப்பிட்டாலும் முதலில் மழை உண்டாப்பா என்றுதான் கேட்பாய், அதையே கேட்கிறாய் என்று நினைத்து அவரும் மழையைச் சொல்லியிருக்கிறார்.

சங்கிலிப்பாண்டி புரிந்துகொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் வண்டிக்கு முன்னால் நின்று, அப்பா முகத்தைப் பார்த்து, நீ ஈஸ்டருக்குச் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, அப்பம் எம்மவ அஞ்சு மாசமா எம்பதிலுக்கா காத்துக்கிட்டிருக்கா என்று கேட்டார். வேற கோயில், வேற ஆட்கள் என்று அவருக்கும் மனசில் இருக்கத்தான் செய்யும், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் சொன்னது இதுதான், போன் வேண்டாம், அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு, எதுக்க உக்காந்து பேசட்டும், மதுரை டேசனுக்கு நானே வண்டியோட வாரேன், மாரிச்சாமி ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கிடுதேன் என்றார். மாரிச்சாமி உன்னோடு படித்தவன்தான், இப்போது லாரி ஓட்டுகிறான். காது டாக்டரைப் பார்க்கிறவரைக்கும் சாவியை அவனிடம்தான் கொடுக்கப் போகிறார். நான் கேட்காமல் அவரே சொன்னது இது.

லீவு கிடைத்ததும் டிக்கெட் போடு. நேரத்துக்குச் சாப்பிடு, டியூட்டி என்று வயிற்றைக் காயப்போடாதே. கர்த்தர் உங்கள் இரண்டு பேர் போக்கையும் வரத்தையும் காப்பாராக. சேதுபதியிடம் ஒன்று மட்டும் மறக்காமல் சொல்லி வை, பெரியவர் என்று மரியாதைக்கு வாயைப் பொத்திக்கொண்டு பேச வேண்டாம், அப்பாவுக்கு உதடு தெரிய வேண்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
பரிபூரணம்