ரொட்டி அடுப்பில் காய்ந்த ராடுகள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் அகராதி வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அப்பாவுக்குப் பிடிக்காததும் இதில் வரும், அம்மா கோபித்துக்கொள்வதும் வரும். ஆனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய, பற்றவைக்கும் நிக்கல் ராடுகளால் பேக்கரி இயந்திரம் மறுபடி ஓடுகிறது. ரொம்ப நன்றி, சித்தப்பா.

போன கடிதத்தில் அவசரமாக எழுதியதால் பாதியை விட்டுவிட்டேன். அம்மா வேலை பார்க்கும் பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரம் இருக்கிறதல்லவா, அதன் கையைத் தாங்குகிற வளைந்த வார்ப்பிரும்புத் துண்டுதான் விரிசல் விட்டது. அந்த இயந்திரத்தை இப்போது யாரும் செய்வதில்லையாம், மாற்றுத் துண்டும் கிடையாது. அப்பா நம் பட்டறையில் எப்போதும் போடும் சாதாரண ராடையே வைத்துப் பற்றவைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். பற்றவைத்த இடத்துக்கு ஒட்டினாற்போலப் புதிதாக ஒரு விரிசல். அப்பா அரத்தால் ராவிப் பார்த்தார். அந்த இடம் அவ்வளவு கெட்டியாகியிருந்தது, கண்ணாடியின்மேல் நகத்தை இழுத்ததுபோல அரம் வழுக்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அம்மாவும் அவளோடு வேலை பார்க்கும் நெட்டை அக்காவும் கையாலேயே மாவு பிசைந்தார்கள். அம்மாவின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டில் கரண்டியை இடது கையால் பிடித்தாள். கேட்டால், “ரெண்டு கையும் நம்ம கைதானே, ஒண்ணுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?” என்பாள். பேக்கரிக்காரர் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை. இன்னொரு தடவை உடைந்தால் பற்றவைக்க அதில் இரும்பே மிச்சம் இருக்காது, கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விடுவேன் என்று மட்டும் சொன்னார்.  

உங்கள் பார்சல் என் பெயருக்கு வந்தது. யாரிடமிருந்து என்று அப்பா கேட்டார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நீங்கள் நம் பட்டறையை விட்டுப் போன அன்று “வார்ப்பிரும்புக்கு இந்த ராடு ஆகாதுண்ணே” என்று நீங்கள் சொன்னதும், “எனக்குப் பாடம் எடுக்கணும்னா வேற பட்டறை பாத்துக்கோ” என்று அவர் சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவருக்கும் இருந்திருக்கும்.

அம்மா பார்சலைப் பிரித்து, ராடுகளை முகர்ந்து பார்த்து, குளிர்பெட்டியில் கீரைக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் வீட்டுப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். விலை உயர்ந்தது எதுவானாலும் அங்கேதான் போகும். மருந்து, டார்ச் பேட்டரி, அத்தை கொடுத்த முகப்பூச்சு, எல்லாம் அங்கேதான். எனக்கும் அப்போது தவறாகத் தோன்றவில்லை.

அம்மா தலை வாரிக்கொள்ள முடியாமல் சீப்பை என்னிடம் நீட்டிய காலையில், அப்பா தானாகவே குளிர்பெட்டியைத் திறந்து ராடுகளை எடுத்தார். பட்டறையில் ஓர் உடைசலின்மேல் முதலில் போட்டுப் பார்த்தார். ராடு எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோலப் படபடவென்று வெடித்தது. மேலே படிந்த கசடைத் தட்டினால் உள்ளே ரொட்டித் துண்டுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. “இதுதான் உங்க சித்தப்பன் அனுப்பின பெரிய சரக்கா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பார்சலோடு நீங்கள் எழுதியனுப்பிய குறிப்பை எடுத்துப் பார்த்தால், முதல் வரியே “ஈரம் ஆகாது, பட்டால் அடுப்புச் சூட்டில் நன்றாக உலர்த்து” என்று இருக்கிறது! ராடின்மேல் இருக்கும் பூச்சு கீரையோடு சேர்ந்து நனைந்து போயிருக்கிறது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். “இவ்வளவு ஒசத்தியான பொருளை வெளியில வைப்பாங்களா?” என்றாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட அடுப்பு ஏது? ராடுகளோடு பற்றவைக்கும் சாமான்களையும் பேக்கரிக்கே கொண்டுபோனோம். பேக்கரிக்காரர் பன் தட்டில் ராடுகளை வரிசையாக அடுக்கி உள்ளே தள்ளினார். நெட்டை அக்கா, “வெந்துருச்சான்னு குச்சி விட்டுக் குத்திப் பாக்கவா?” என்று கேட்டாள். அதற்குள் அப்பா பழைய பற்றவைப்பை முழுக்கத் தேய்த்து எடுத்து, விரிசல் மேலே ஓடாதபடி அதன் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார். அது உங்கள் குறிப்பில் மூன்றாவதாக இருந்தது. அவர் குறிப்பைத் தொடவே இல்லை. நான்தான் பரீட்சைக்குப் படிப்பதுபோல மூலையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலேயே, “பாடம் படிக்கிறதுன்னா சத்தமாப் படி” என்றார்.

படித்தேன், சித்தப்பா. “ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஒரே மூச்சில் போடாதே. போட்டதும் சுத்தியலால் மெல்லத் தட்டு. வெறுங்கையை வைக்க முடிகிறவரை அடுத்ததைத் தொடாதே.” அப்பாவின் கை எவ்வளவு வேகம் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் போடுவார், தட்டுவார், உட்கார்ந்துவிடுவார். தொட்டுப் பார்ப்பார், மறுபடி உட்காருவார். “ரொட்டிகூட இதைவிடச் சீக்கிரம் வெந்துரும்” என்று ஒருமுறை முணுமுணுத்தார். ஆனால் ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. ராடு இந்த முறை வெடிக்கவே இல்லை. குழைவாக உருகி, மங்கிய வெள்ளி நிறத்தில் படிந்தது.

முடிந்ததும் அந்தத் துண்டைக் காய்ந்த மணலில் புதைத்து ஆறவிட்டோம். அப்பா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா தன் வீங்கிய கையை இன்னொரு கையால் பிடித்தபடி நின்றாள். பேக்கரிக்காரர் கடையில் இருந்த வாடிக்கையாளருக்குக்கூடச் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டினார். அந்த ‘டிக்’ வரவே இல்லை. மணலிலிருந்து எடுத்து ராவியபோது அரம் மெத்தென்று கடித்தது, பொடி உதிர்ந்தது. அப்பா அந்தப் பொடியை விரலில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

இயந்திரம் இப்போது ஓடுகிறது. வீக்கம் வற்றிவிட்டது. இன்று அம்மா வலது கையால் எனக்கு இறுக்கமாகப் பின்னல் போட்டாள். தலை வலிக்கிறது, ஆனால் சொல்லவில்லை.

அப்பா உங்களுக்கு நன்றி சொன்னாரா என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லவில்லை. மீதி ராடுகளை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்து, அதன்மேல் “தம்பியுடையது” என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் பட்டறையிலிருந்துதான் எழுதுகிறேன். யாருக்கு என்று சற்றுமுன் கேட்டார். சொன்னேன். இந்த முறை அவர் வெளியே போகவில்லை. ஆணியில் தொங்கும் பற்றவைக்கும்போது நீங்கள் போடும் பழைய முகமூடியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். “இதை விட்டுட்டுப் போயிட்டான். அங்க கண்ணுக்கு நல்ல மூடி குடுக்கறாங்களான்னு கேளு” என்றார். துடைத்து முடித்து அதே ஆணியில் மாட்டிவிட்டார்.

அதனால் கேட்கிறேன், சித்தப்பா. நல்ல மூடி கொடுக்கிறார்களா? பதிலை என் பெயருக்கு எழுத வேண்டாம், அப்பா பெயருக்கு எழுதுங்கள். உங்கள் கண்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். அவரும்தான்.

அன்பும் நன்றியும் மாறாத,
அகராதி

பி.கு. அப்பா சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, நான் கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தார். இப்போது விளக்கை அணைக்கப்போகிறார்.