சாக்கில் மீந்த பித்தளைத் துண்டு

என் தங்கச்சி வசந்தாவைக் கட்டிக்கொண்டு, என்னையும் சேர்த்துக் கட்டி மேய்த்த மாப்ளே,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் ஏர் ரைஃபிளை அக்கு அக்காகக் கழற்றிவிட்டேன். கோபப்படாதே, கழற்ற வேண்டி வந்தது.

உன் மகள் பொற்கொடி போன ஆடியில் ஸ்கூட்டியோடு விழுந்து இடது தோளைக் கெடுத்துக்கொண்டாள். நாலரைக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் ரைஃபிளோ ஐந்து கிலோ இருநூறு. மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இருபது வயசுப் பிள்ளை சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் தாய்மாமன் நான் சும்மா இருப்பேனா? எட்டாவது பெயில்தான். ஆனாலும் மைன்ஸில் அந்த ராட்சத மிஷினையே என்னைக் கேட்டுத்தான் திருப்பினார்கள் என்பது உனக்குத் தெரியாதா? சரி, நான் கான்ட்ராக்டில் கிரீஸ் வைத்தவன்தான். கிரீஸ் இல்லாமல் எது திரும்பும், சொல்லு?

முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக்கொட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசை இரவல் வாங்கி வந்தேன். குவார்ட்டர்ஸ் வராந்தாவில் சாக்கை விரித்து, நீ ஒர்க்‌ஷாப்பில் செய்த மாதிரியே, கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றையும் வைத்தேன். பேரலில் கை வைக்கவில்லை; அது ராஜா. காற்று அடைக்கும் சிலிண்டரும் அப்படியே. ட்ரிகர் ஸ்பிரிங்கை மாற்றலாமா என்று பொற்கொடியிடம் கேட்டேன். "அத்த தொட்டீங்கன்னா நான் பேசவே மாட்டேன் மாமா" என்றாள். விட்டுவிட்டேன். கனமெல்லாம் மரக்கட்டையிலும் தோளில் பதியும் இரும்புத் தகட்டிலும்தான் இருந்தது.

பலாமரத்தில் ஒரு கட்டை செதுக்கினேன். தங்கம் மாதிரி நிறம். ஆனால் தராசில் வைத்தால் பழைய கட்டைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் மலைவேம்பு. அது பஞ்சு மாதிரி லேசு, ஆனால் திருகாணி பிடிக்கவில்லை. இரண்டு முறை முடுக்கினால் ஓட்டை பெரிதாகிவிடுகிறது. ஓட்டைக்குள் அலுமினியக் குழாய்த் துண்டை இறக்கிப் பசை போட்டு, அதில் திருகினேன். ஜெர்மனிக்காரனுக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது என்று டீக்கடையில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. இரும்புத் தகட்டுக்குப் பதில் அலுமினியம் போட்டேன். மொத்தம் நாலு கிலோ நூறு!

ஆனால் மாப்ளே, எல்லாம் மாட்டி முடித்த பிறகு சாக்கில் ஒன்று மீந்திருந்தது. பேரலின் நுனிக்கு அடியில் நீ மாட்டியிருந்த பித்தளைத் துண்டு. சாக்கில் ஒரு வாஷர் மீந்தாலும் அன்றைக்கு யாரும் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போகக் கூடாது என்பது உன் சட்டம். உனக்கு அது நினைவிருக்கும். எனக்கும் இருந்தது. வெறும் கனம்தானே, இருநூறு கிராம் மிச்சம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் மகள் கேட்டதற்கு, "எல்லாம் மாட்டியாச்சும்மா" என்றேன்.

மறுநாள் கிளப்பில் சுட்டாள். குண்டு ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போனது.

"தூக்கிகினு நின்னா துப்பாக்கி மூக்கு ஆடுது மாமா. நிக்கவே மாட்டேங்குது."

"புதுசுல்ல, பழகிடும். குண்டும் பழைய டப்பா."

நாலு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் ரைஃபிளை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "துப்பாக்கி மேல தப்பு இல்ல மாமா, நீங்க நல்லாதான் செஞ்சிருக்கீங்க. என் தோளுதான் போச்சி. போட்டிக்கு நான் வரலன்னு சொல்லிடறேன்."

நான் என்னென்னவோ அளந்திருக்கிறேன், மாப்ளே. வசந்தாவைப் பெண் பார்க்க நீ வந்தபோது எங்களுக்கு வளையமாதேவியில் பத்து ஏக்கர் என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டாய். அந்தப் பொய்கள் யாரையும் ஒன்றும் செய்ததில்லை. இது அந்தப் பிள்ளையின் தோளில் போய் உட்கார்ந்துவிட்டது. பித்தளைத் துண்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் முழுக்க அரம் போட்ட தடம்.

"அப்பா இத்த கொஞ்சங் கொஞ்சமா ராவி ராவி, மூக்கு ஆடாம நிக்கற கனம் பாத்திருக்காரு மாமா. இத்த போயி பாக்கெட்ல வெச்சிகினு சுத்தினீங்களா? நாலு நாளு நான் என் கைய நொந்துகினு இருந்தேன்." அப்புறம்தான் திட்டினாள். வசந்தா பின்பாட்டு பாடினாள். அதையெல்லாம் எழுத மாட்டேன்.

துண்டை மாட்டினோம். நாலு கிலோ முந்நூறு. டாக்டர் சொன்னதற்கு உள்ளேதான். நேற்று பத்துக் குண்டு சுட்டாள். பத்தும் ஒரே ஓட்டையில் என்று டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். உனக்கு மட்டும் நிஜம்: ஒன்பது ஒரு ரூபாய்க் காசுக்குள், ஒன்று வெளியே. அந்த ஒன்று ஏன் வெளியே போனது? நீ உயிரோடு இருந்திருந்தால் பார்த்ததும் சொல்லியிருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. தேறுவாளா, எனக்குத் தெரியாது. வர மாட்டேன் என்று சொன்னவள் போகிறாள், அவ்வளவுதான்.

ஒரு வாக்குத் தருகிறேன். கேட்கிறவர்களிடம் கட்டை என்னுடையது, பித்தளை உன்னுடையது என்றே சொல்வேன். அதில் மட்டும் ஒரு சொல் கூட்ட மாட்டேன். சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டேன், மாப்ளே. அதில் ஒன்றும் மீதி இல்லை.

இப்படிக்கு,
உன்னிடம் மட்டும் அளக்க முடியாத
உன் மச்சான்