தெபோரா அத்தை திருப்பித் தந்த போன்

அன்பு மகன் யோடெபாவுக்கு அம்மா எழுதுவது. மௌரி, நலமாய் இரு. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே குளிர், இருமல் என்று எதிலும் மாட்டாமல் இருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குக் கடிதம் எழுதினால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மற்றபடி மனசு சரியில்லை. வீட்டில் போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு எதற்குக் காகிதம் என்று உனக்குத் தோன்றும். அவசரப்படாமல் கடைசி வரை படி.

இங்கே மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது, தேயிலையும் சர்க்கரையும் எவ்வளவு போட்டாலும் கடல் தண்ணீர்தான் நாக்கில் நிற்கிறது. பன்றி குட்டி போட்டிருக்கிறது. அப்பா இன்னும் காலையும் மாலையும் கள் இறக்கத் தென்னை ஏறுகிறார், முழங்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டால் இரண்டு நாளைக்குத் தாங்குகிறது. நீ அந்த இறைச்சி ஆலையில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறாயாம், காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள், சம்பள நாளில் கூட்டாளிகளோடு போய்க் குடிக்காதே. இதெல்லாம் சொல்லத்தான் எனக்கு அந்தப் போன். அது கிணற்று மேடையில் விழுந்து கண்ணாடி சிலந்திக்கூடாய்ப் போனபோது நான் உட்கார்ந்து அழுதேன், அது உனக்குத் தெரியாது. உன் முகம் நாலு துண்டாய்த் தெரிந்தது, அப்புறம் திரை கறுத்தே போனது. நீ நர்ஸ் வீட்டுப் போனில் கூப்பிட்டு, ஊருக்கு வருகிற ஆள் கையில் புதுத் திரை கொடுத்தனுப்புகிறேன் என்றாய். யாரிடம் கொடுத்து மாட்டுவது என்று கேட்டதற்கு, "அம்மா, சின்னப் பசங்களே மாத்துறாங்கம்மா, வீடியோ பாத்து நீயே மாட்டிக்கோ" என்று சொல்லிச் சிரித்தாய். போன் எப்படித் திறப்பது என்று பார்க்க எனக்கு இன்னொரு போன் வேண்டும், அது உன் புத்திக்கு எட்டவில்லை. நர்ஸிடம் கெஞ்சி அவள் போனில் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் சுத்தமான நகத்தோடு மளமளவென்று இங்கிலீஷ் பேசுகிறான், எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவன் கையை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டேன்.

சரி, அதையும் செய்தேன். அவன் ஏதோ சூடு காட்டும் மிஷினை வைத்து ஓரத்துப் பசையை இளக்கினான். நான் உச்சி வெயிலில் வாசல் பவளக்கல் மேல் துணி விரித்து, போனைக் கவிழ்த்து வைத்தேன், நம் கல் எந்த மிஷினுக்கும் குறைந்ததில்லை. திரையோடு நீ அனுப்பிய, ஒட்டிப் பிடிக்கிற ரப்பர் மூடியைக் கண்ணாடி மேல் அழுத்தி இழுத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் விட்டு மீன் செதில் எடுக்கிற மாதிரி ஓட்டினேன். திறந்துகொண்டது. உள்ளே நாடா மாதிரி ஒரு கம்பி திரையைப் பிடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாய் இழுத்திருந்தால் அறுந்திருக்கும். கழற்றிய திருகாணிகளைப் பாய் மேல் வைத்தேனே, அதுதான் மடத்தனம். எறும்புத் தலை அளவு திருகாணி, தாழம்பாய்ப் பின்னலுக்குள் போனால் கிடைக்குமா? பாயைத் தூக்கி வெள்ளைத் துணி மேல் தட்டித் தட்டி எடுத்தேன். அப்புறம் ஒரு பாபாய்க் கிழங்கு இலையில் ஈரப்பலா மரத்துப் பாலைச் சொட்டுச் சொட்டாய் வைத்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையில் ஒட்டி வைத்தேன். புதுத் திரையை மாட்டினால் வெளிச்சம் வருகிறது, தொட்டால் அசையவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பொணத்துக்கு முகம் கழுவி விட்டிருக்கே" என்கிறார். மறுபடி திறந்து பார்த்தால் அந்த நாடாவின் முனை சரியாய் உட்காரவில்லை. விரலால் அழுத்தினேன், டக்கென்று ஒரு சின்னச் சத்தம், இவ்வளவுதான் விஷயம். நீ அனுப்பிய ஒட்டும் நாடா வழியிலேயே வெயிலில் உருகி உருண்டையாகிவிட்டது. அதனால் ஓரம் முழுக்க அந்த மரப்பாலையே தடவிக் கல் ஏற்றி வைத்தேன். "தோணிக்கு அடைக்கிறதைப் போனுக்கு அடைச்சிட்டே, இனிமே தண்ணில போட்டா மெதக்கும்" என்று அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனால் பிடித்துக்கொண்டது யோடெபா, இன்றுவரை ஒரு முடி அளவு விலகவில்லை. படிக்காத கை செய்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பெருமைதான் என்னை ஊர்க்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. மனியாபாவில் அன்றைக்கு எல்லாக் குடும்பமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. நான் போனைக் கைக்குக் கை கொடுத்துக் காட்டினேன், கிழவர்கள் கூட வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். அது தெபோரா அத்தை கைக்கு வந்தது. அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எரித்தபேத்தா, இதை உங்கிட்ட புபுசி கேக்குறேன். என் மக ரூத்தா ஃபிஜில மாசமா இருக்கா, ஒடம்பு சரியில்லங்கிறா, எனக்கு அவ குரல் வேணும்" என்றார். புபுசி என்று உறவின் உரிமையில் வாய்விட்டுக் கேட்ட பிறகு இந்தத் தீவில் இல்லை என்று சொன்னவர்கள் உண்டா? கொடுக்க எனக்கு மனசில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் எடுத்துக்கோங்க என்றேன். சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. அத்தை இதுவரை நம்மிடம் எதையாவது கேட்டிருக்கிறாரா? கேட்டதெல்லாம் நாம்தான். அப்பாவின் தோணிக்கு மரம், நீ புறப்பட்ட அன்று விருந்துக்குப் பன்றி, நான் தாராவா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குச் சோறு, எல்லாம் அவரிடம் கேட்டு வாங்கியது. நீ துணி அடுக்கிக்கொண்டு விமானம் ஏறினாயே அந்த நீலப் பெட்டி, அதுவும் அத்தையிடம் நான் புபுசி கேட்டதுதான். அவருடைய கணவர் கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கியது, அந்த மனிதர் விட்டுப்போனதில் உருப்படியாய் இருந்தது அது ஒன்றுதான். கேட்ட நிமிஷம் உள்ளே இருந்த துணியைப் பாயில் கொட்டிவிட்டுப் பெட்டியை என்னிடம் தந்தார்.

போன் அவரிடம் போனதால் உனக்கு என்ன குறைந்தது? நீ கூப்பிடும்போதெல்லாம் அத்தை, அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, "எரித்தபேத்தா, உன் புள்ள, உன் புள்ள" என்று கத்திக்கொண்டு மணலில் ஓடி வருவார். மூச்சு வாங்க வாங்க என் கையில் தருவார், நாம் பேசி முடிக்கும்வரை தள்ளிப் போய் நிற்பார். நீயும்தான் பேசினாய். அப்புறம் அவருக்கு ஒரு செய்தி அனுப்பினாய். "அது எங்கம்மாவுக்கு நான் வாங்கிக் குடுத்தது, திரையும் நான்தான் அனுப்பினேன், அவங்ககிட்டயே குடுத்துடுங்க." யோடெபா, அதை எந்தக் கையால் எழுதினாய்? உனக்குச் சோறு ஊட்டியவளுக்கு எழுதுகிறோம் என்று கூடவா தோன்றவில்லை? அத்தை என் வீட்டுக்கு வந்து ரகசியமாய்த் தந்திருந்தால் நான் காலில் விழுந்தாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். கேட்டது எல்லாருக்கும் முன்னால், அதனால் தருவதும் எல்லாருக்கும் முன்னால் என்று மனியாபாவுக்கே கொண்டுவந்தார். துடைத்துத் துணியில் சுற்றி எங்கள் பாயின் முன்னால் வைத்துவிட்டு, "இது யோடெபாவோடதாம், எனக்குத் தெரியாமப் போச்சு" என்று மட்டும் சொன்னார். நான் இரண்டு கையாலும் எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை. "வேணாம். நீ குடுத்ததுக்கு மேல இன்னொரு கை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கவே மாட்டேன்" என்றார். அப்புறம் பின்னால் இருந்து ஒரு கிழவர், "ஆஸ்திரேலியாவுல கை நல்லா நீளமா வளருது போல, இங்க வரைக்கும் எட்டுது" என்றார், சிலர் சிரித்தார்கள். உன் அப்பா எழுந்து வெளியே போனார். அவருடைய அப்பாவும் அவருக்கு அப்பாவும் உட்கார்ந்த இடம், அன்றிலிருந்து காலியாய்க் கிடக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட ஆள் வந்தால் முழங்கால் வலி என்கிறார். அந்த முழங்காலோடு தினமும் தென்னை ஏறத்தான் செய்கிறார். மரத்தில் ஏறினால் பாடாமல் இருக்கத் தெரியாத மனிதர், இப்போது கத்தி சீவுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

ரூத்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அத்தைக்கு அது மூன்றாம் ஆள் வாயால் வழியில் தெரிந்தது. வலி எடுத்து மகள் கூப்பிட்டிருக்கிறாள், நம் வீட்டில் போன் அடித்திருக்கிறது, நான் பாபாய்க் கிழங்குக் குழியில் இருந்தேன். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ நல்லதற்குத்தான் சொன்னேன் என்பாய், அம்மாவின் பொருளை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்பாய், அங்கே எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. நான் உன்னை அப்படி வளர்க்கவில்லை. கோபமாய் இருக்கிறது யோடெபா, வெட்கமாயும் இருக்கிறது, உன் முகத்தைப் பார்த்தால் கோபம் போய்விடும் என்று பயமாயும் இருக்கிறது. இதை எழுதும்போதே போன் அடிக்கிறது, நீதான். நான் மாட்டிய கண்ணாடியில் உன் படம் ஒரு கீறல் இல்லாமல் தெரிகிறது. எடுக்க மாட்டேன். இதுவரை எடுக்காததும் அதனால்தான், சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று நீயே காரணம் கற்பித்துக்கொள்ளாதே.

இப்போது நான் உன்னிடம் புபுசி கேட்கிறேன். பணம் வேண்டாம், இன்னொரு போன் அனுப்பிவிடாதே. நீ வா. வந்து அப்பா பக்கத்தில் நம் இடத்தில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க எழுந்து போய், இந்தப் போனை உன் கையால் தெபோரா அத்தை மடியில் வை. அவர் வாங்குவாரா என்று எனக்குத் தெரியாது. வாங்காவிட்டாலும் வைத்துவிட்டு நில். கேட்டதற்கு இல்லை என்று சொல்லலாமா என்பதை நீயே யோசித்துக்கொள், அதுவும் மறந்துவிட்டது என்றால் எனக்கு எழுதிவிடு.

உனக்கு உடல்நலமும் சமாதானமும் எந்தக் குறையும் இல்லாத வாழ்வும் கிடைக்கட்டும், கோபத்தோடு எழுதினாலும் இது அம்மா வாயால் வருகிற வாழ்த்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. ஒன்று மறந்துவிட்டேன், வரும்போது துணியை வேறு பையில் வைத்துக்கொண்டு, அந்த நீலப் பெட்டியைத் துடைத்துக் காலியாய்க் கொண்டு வா. அத்தை அதை உன்னிடம் திருப்பிக் கேட்க மாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
எரித்தபேத்தா