மிச்சப் பச்சைத் துணி

மஸ்கட், 16.8.1989

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் மகள் ரத்தினமும் சுகந்தானா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே நேற்று ஒரு கூத்து. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றினால் அரைநாள் லீவு என்று கம்பெனியில் சொன்னார்கள். நம் ஊர் மடவார் வளாகத்தில் கொடியேற்றக் கூப்பிட்டால், "மொதல்ல கொழாயில தண்ணி வரட்டும், பொறவு வாரேன்" என்று இழுத்துப் போர்த்திப் படுத்தவன், இங்கே முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். மத்தியானம் தூங்கலாமே!

கொடிதான் இல்லை. காவிக்கு என்னோடு வேலை செய்யும் வத்திராயிருப்பு இருளப்பசாமி அண்ணனின் துண்டு. வெள்ளைக்கு நீ கொடுத்துவிட்ட புது வேட்டியில் ஒரு முழம்; கோபப்படாதே. பச்சைக்கு அலைந்தபோது, பக்கத்து அறை டெய்லர் கரீம் பாய் ஒரு துண்டுத் துணி கொடுத்தார். அவர் பாகிஸ்தான்காரர். முந்தின நாள் அவர்கள் கொடிக்கு வெட்டியதில் மிச்சமாம். தைத்தும் கொடுத்தார்.

கொடி ஏறியது. தேசிய கீதப் பாட்டு இரண்டு வரியோடு நின்றுவிட்டது. "ஏலே, மிச்சத்தையும் பாடுங்கலே!" என்று அண்ணன் அதட்டினார். அவருக்கும் தெரியாது. எல்லோரும் வாயை மட்டும் அசைத்தோம். அப்படியும் எல்லோரும் கலைந்த பிறகு நான் மட்டும் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நாட்டை நினைத்தா, உங்களை நினைத்தா என்று தெரியவில்லை. லீவு கிடைத்தும் தூக்கம் வரவில்லை.

ரத்தினத்திடம் கேட்டு முழுப் பாட்டையும் எழுதி அனுப்பு. அடுத்த வருஷம் நம் ஊரில்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அனுப்பிவை.

வேலைக்குப் போக கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன்
தனுஷ்கோடி