சொட்டிய குழாய்

என்னங்க,

பிளம்பர் வருவார். சமையலறைக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

“பழைய படமாவது, நிலைச்சு நிக்கிறதாவது! வெறும் கூச்சல்”னு நேற்று சண்டை போட்டேனே, நீங்கள் புகழ்ந்த அந்தப் படத்தை இன்று துணி மடித்தபடி ஓடவிட்டேன். தண்ணீர் சொட்டும் சத்தம். எழுந்துபோய்க் குழாயை இறுக்கினேன். மறுபடியும் சொட்டு. எரிச்சலில் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டேன். பிறகுதான் திரையைப் பார்த்தேன். மகன் இறந்த சேதி கேட்ட தாய் சமையலறையில் நிற்கிறாள். அழுகை இல்லை, இசை இல்லை. குழாய் மட்டும் சொட்டுகிறது.

படங்களுக்குச் சத்தம் சேர்த்துப் பிழைக்கிற நானே ஏமாந்துவிட்டேன்!

சாப்பாடு மேசைமேல்.

பி.கு.: ஸ்டூடியோவில் இன்று ஓர் அழுகைக் காட்சி. நான் சேர்த்த மழை, இடி எல்லாவற்றையும் எடுக்கப் போகிறேன்.

இன்னொன்று: மிச்சப் படத்தை வந்து பார்க்கிறேன். முடிவை மட்டும் சொல்லிடாதீங்க.