எங்கள் சீற்றில் இருந்த சம்பந்திமார்

மாங்குளம்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள செந்தூரன் அண்ணாவுக்கு,

இங்கே அம்மா சுகம், நான் சுகம், சிவப்பி கன்று போட்டு அதுவும் சுகம். அப்பாவும் சுகம் என்றுதான் வழக்கமாக எழுதுவேன், இந்த முறை எழுதக் கை வரவில்லை. இதுவரை உங்களுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அம்மா குசினிக்குள் இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதியவை, இது அம்மா சொல்லாத கடிதம். இரண்டு பேரும் படுத்த பிறகு போர்வைக்குள் ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம். ரெலிபோனில் சொல்லலாம்தான், ஆனால் அது அப்பாவின் சட்டைப் பையை விட்டு வெளியே வராது, வந்தாலும் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சத்தமாக வைத்துத்தான் கதைப்பார், நீங்கள் அங்கே கேட்கிற கேள்விக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற வடிவம்மா அன்ரி முதலில் பதில் சொல்லிவிடுவார்.

விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். ஆவணி விடுமுறையில் அப்பாவும் நானும் உங்களிடம் வந்தோமே, அந்த ரயிலில் அப்பா மயங்கிப் போனார். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று என் ஓ.எல். சோதனையின் மேல் சத்தியம் வாங்கினார், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கணிதம் எப்படியும் போகத்தான் போகிறது, சத்தியத்தை மீறினதால் மற்றப் பாடங்களும் சேர்ந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கலியாணப் பதிவு எழுத்துக்கு இன்னும் இரண்டு கிழமையில் அதே ரயிலில் வரப்போகிறோம், அந்தப் பயம் இதைவிடப் பெரிது.

முற்பதிவு செய்து இரண்டு சீற் எடுத்துத் தந்தேனே, பிறகு எப்படி மயங்கினார் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். கொழும்புக் கடுகதி எங்கள் ஸ்ரேசனுக்கு வரும்போது எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும், ரயில் வருவது தெரியாது, வாசல்களில் தொங்குகிற கால்கள் வருவதுதான் தெரியும். வெளியே நிற்கும்போது உள்ளுக்குப் போங்கோ, நடுவிலை எவ்வளவு இடம் கிடக்கு என்று கத்துகிறவர், ஒரு கால் உள்ளே வைத்ததும் திரும்பி நின்று, இனி ஒருத்தரும் ஏறேலாது, மூச்சு முட்டுது என்று கத்துவார். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, ரிக்கற்றைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்து, அரிசிப் பையையும் முருங்கைக்காய்க் கட்டையும் என்னிடம் தந்துவிட்டு, முற்பதிவுப் பெட்டியில் கலியாண மாப்பிள்ளை மாதிரி ஏறினார். எங்கள் இலக்கத்தைத் தேடிக்கொண்டு போனோம். எங்கள் இரண்டு சீற்றிலும் கிளிநொச்சியில் ஏறின ராஜினி அக்காவின் மாமனாரும் சிவலட்சுமி மாமியும் இருந்தார்கள்.

சாதாரண ரிக்கற் எடுத்துக்கொண்டு இந்தப் பெட்டியில் ஏறி, காலியாக இருந்த இடத்தில் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடித்துப் போட்டிருந்தார். வேறு யார் என்றாலும் அப்பா ரிக்கற்றைத் தூக்கிக் காட்டியிருப்பார், பொலிஸ்காரர் என்றாலும் எழுப்பியிருப்பார். சம்பந்தியை எழுப்ப முடியுமா? அக்கா அந்த வீட்டில்தானே சோறு சமைக்கிறார். அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது, வெளியே தெரிந்த ரிக்கற்றை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பி வந்தது. மாமா எங்களைக் கண்டு மிகவும் சந்தோஷப்பட்டார். அட, கனகலிங்கத்தார், எங்கை பயணம், இடம் கிடைச்சுதோ என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், ஓம் ஓம், எங்களுக்குப் பின் பெட்டியிலை கிடக்கு, சும்மா உங்களைக் கண்டிட்டுப் போவம் எண்டு வந்தனான் என்றார். மாமி விடவில்லை, அப்பிடி ஓடாதேங்கோ, இதிலை ஒரு ஓரத்திலை குந்துங்கோ, நாங்கள் அரக்கி இருக்கிறம் என்று எங்கள் சீற்றிலேயே எங்களுக்கு ஒரு சாண் இடம் தரப் பார்த்தார். அப்பா மறுத்தார், அவர் வற்புறுத்தினார், அப்பா இன்னும் மறுத்தார், கடைசியில் மாமி எனக்கு ஒரு வடையும் அப்பாவுக்கு அரை வடையும் தந்து அனுப்பினார். நான் அப்பாவின் சட்டையை இழுத்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வடையைத் தின்னத் தொடங்கினேன்.

பின் பெட்டியில் எங்களுக்குக் கிடந்தது இரண்டு பேருடைய நான்கு பாதங்கள் வைக்கிற இடம், அதிலும் ஒன்று அரிசிப் பைக்கு. வவுனியாவில் இன்னும் ஏறினார்கள், மதவாச்சியில் இன்னும் ஏறினார்கள். காற்றே நுழைய முடியாத அந்த நெரிசலுக்குள் கடலைக்காரர் மட்டும் கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாலு தரம் போய்வந்தார், அவருக்கு எலும்பு இல்லையோ தெரியாது. சீற் கிடைத்தவர்கள் எல்லாம் இருந்த உடனேயே நித்திரையாகிவிட்டார்கள், கண்ணைத் திறந்தால் யாராவது பிள்ளைக்காரி முன்னால் நிற்பாள் என்ற பயம். அநுராதபுரம் தாண்டின பிறகு அப்பாவின் தலை பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பொடியனின் தோளில் சாய்ந்தது. ஆமி முகாமிலிருந்து லீவில் போகிறவன் போல இருந்தான், முதுகில் பெரிய பை. களைத்துப்போய் நித்திரை என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். பின்னால் நின்ற ஒருவர், குடுத்துவைச்ச மனிசன், நிண்டுகொண்டே குறட்டை விடப்போறார் என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் அண்ணா. விழுவதற்கு இடம் இல்லாததால் அவர் விழவில்லை. மாகோவில் கொஞ்சச் சனம் இறங்கி நெரிசல் விட்டதும்தான் அப்பா கழற்றிப் போட்ட சட்டை மாதிரிக் கீழே சரிந்தார்.

அந்தப் பொடியன்தான் பிடித்து, வாசல் கரையில் நிலத்தில் இருத்தி, தன் போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்து, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டான். சிங்களத்தில் என்னிடம் ஏதோ கேட்டான், எனக்கு அழுகைதான் வந்தது. அப்பா கண் திறந்ததும் தண்ணீர் கேட்கவில்லை, என்னைத் தேடவும் இல்லை. சம்பந்தி கண்டவரோ என்று கேட்டார். அதைக் கேட்டதுபோல, முன் பெட்டியிலிருந்து மாமா கக்கூசுக்கு வந்தார். அப்பா அந்தப் பொடியனின் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து இருந்து, இஞ்சைதான் நல்ல காத்து என்று சிரித்தார். உதடு வெள்ளையாக இருந்தது. மாமாவும் அதுதானே, உள்ளுக்கை இருந்து எங்களுக்கு முதுகெல்லாம் வேர்க்குது என்று சொல்லிவிட்டுப் போனார். கொழும்புக் கோட்டை ஸ்ரேசனில் இறங்கினதும் நீங்கள் ஓடி வந்து, யன்னல் கரைச் சீற் எப்படி அப்பா என்று கேட்டீர்கள். சொகுசாய் வந்தம் தம்பி என்று அவர் சொன்னபோது, அரிசிப் பையைத் தூக்குகிற சாட்டில் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை.

இதற்குப் பிறகு மாமி அக்காவிடம், பாவம் கனகலிங்கத்தார், மகன் கொழும்பிலை உழைக்கிறான், தேப்பனுக்கு ஒரு சீற் எடுத்துக் குடுக்கேல்லைப் போலை, வாசலிலை குந்திக்கொண்டு போறார் என்று சொல்லியிருக்கிறார். அக்கா அதை அம்மாவிடம் சொல்லி, அம்மா உங்களைக் கோபித்து என்னைக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்தாரே, அதுதான் போன மாதம் உங்களுக்கு வந்தது. அப்பா பக்கத்தில் இருந்து அது முழுவதையும் கேட்டார், வாய் திறக்கவில்லை. உங்கள் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, சம்பந்திக்கு உண்மை தெரியக்கூடாது.

இப்போது எழுத்துக்கு எங்கள் மூன்று பேருக்கும் முற்பதிவு செய்து அனுப்பியிருக்கிறீர்கள். நேற்று மாமி அக்காவின் ரெலிபோனில் அம்மாவோடு கதைத்தார். அவர்களும் அதே ரயிலில்தான் வருகிறார்களாம். சீற் எடுக்கவில்லையோ என்று அம்மா கேட்டதற்கு, எதுக்குக் காசைக் கரியாக்குவான், உந்த முன் பெட்டியிலை எங்களுக்கு எண்டு எப்பவும் இடம் கிடக்கும் என்றார். சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது, அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டபடியால் விடியவிடிய வயலுக்கும் போகிறார், வரம்பில் இரண்டு இடத்தில் குந்தித்தான் வீட்டுக்கு வருகிறார். கேட்டால் பயிர் பார்க்கிறாராம்.

மாமாவுக்கும் மாமிக்கும் சேர்த்து இரண்டு சீற் எடுத்து அனுப்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். சரிவராது. தங்கள் சீற்றில் பலகாரப் பையை வைத்துவிட்டு எங்கள் யன்னல் கரைக்கு வந்துதான் இருப்பார்கள். அப்பாவுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று கேட்கவும் முடியாது, நான் சொன்னது தெரிந்துவிடும். அதனால் நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பெட்டியில் நான்தான் முதலில் ஏறுவேன், ரிக்கற்றுகளை அம்மாவிடம் கேட்டு நானே வைத்திருப்பேன், மாமியின் முன்னால் போய் நின்று, மாமி, இது எங்கடை சீற், எழும்புங்கோ என்று சொல்லுவேன். கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்தேன், மாமி என்பது வரைக்கும் சத்தம் வருகிறது, அதற்குப் பிறகு வரவில்லை. இன்னும் நாள் இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள், அந்த வீட்டில் அவருக்கு ஒரு மாதத்துக்காவது நல்ல பேச்சு இருக்காது. அப்பா என்னை அடிக்க மாட்டார், கதைக்காமல் விடுவார். கொழும்பு வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்காமல் வரட்டும் அண்ணா, இருந்துகொண்டு வரட்டும்.

மறக்காமல் ஒன்று, எழுத்துக்கு முதல்நாளே அப்பாவை ஒரு இருதய டொக்டரிடம் காட்டுங்கள், கண் பார்க்க என்று சொல்லிக் கூட்டிப்போங்கள், எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் போகாத ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இரவில் மழையில் நனைய வேண்டாம். இந்த இடத்தில் அம்மா என்றால் பிள்ளையாரைக் கூப்பிட்டு உங்களை ஆசீர்வதிப்பார், இளையவள் நான் அப்படி எழுதக்கூடாது, நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். பதில் போட வேண்டாம், எங்கள் வீட்டுக் கடிதத்தை அப்பாதான் உடைப்பார்.

உங்கள் அன்புத் தங்கை,
க. வினோஜா